சேனை வைக்காத வாய்

அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு குளிர் வந்து என் காலைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. ஏசிக் குளிர். இதெல்லாம் ஒரு குளிரா. குளிர் என்றால் ஐஸ் கம்பெனியில் தொட்டி மேல் போட்டிருக்கும் பலகையைத் தூக்கியதும் முகத்தில் வந்து அப்புமே, அது. மீசை அரும்பும் வயசில் அதற்குள் போனவன், மீசை நரைத்து வெளியே வந்தேன். இந்தத் தூத்துக்குடியில் கடலுக்குப் போகிற போட்டெல்லாம் நாங்கள் உறைய வைத்த ஐஸை ஏற்றிக்கொண்டுதான் போகும். அந்தக் குளிர் விரல் எலும்புக்குள் தங்கிவிட்டது. அக்கினி வெயிலில்கூட என் கை சூடாவதில்லை. கதவு சாத்திக்கொண்டது. கதவுக்கு அந்தப் பக்கம் என் மகள் முத்துக்கனி படுத்திருக்கிறாள். வயிற்றுப் பிள்ளை மாசத்துக்குத் தக்க வளரவில்லை, தண்ணி குறைந்துகொண்டே போகிறது, இனி உள்ளே இருப்பதைவிட வெளியே வந்துவிடுவதுதான் அதற்கு நல்லது என்று டாக்டரம்மா சொல்லி, மத்தியானம் ஆபரேசனுக்குக் கொண்டுபோனார்கள். பிறந்ததும் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டியிருக்கும் என்றார்கள். இருக்கும் என்றார்களா, இருக்கலாம் என்றார்களா. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். இரும்பு நாற்காலி வரிசையின் இந்தக் கடைசியில் நான். அந்தக் கடைசியில் தவசிமுத்து, மாப்பிள்ளையைப் பெற்றவர். நடுவில் என் வீட்டுக்காரி பூரணத்தின் ஒயர் கூடை. கூடைக்குள் பிள்ளைக்கென்று பழைய சேலையைக் கிழித்துத் துவைத்து மடித்த துணி. பூரணம் மருந்து வாங்கப் போயிருக்கிறாள். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறவன், கப்பல் இப்போது எந்தக் கடலில் நிற்கிறதோ. அவன் வந்து சேருகிறவரை இங்கே ஆம்பளை என்று நாங்கள் இரண்டு பேர். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர்.

சட்டைப் பையில் கை போகிறது. புட்டி இருக்கிறது. என் கண்ணுக்குச் சொட்டு மருந்து வந்த புட்டி, வெந்நீரில் மூன்று தடவை அலசி வெயிலில் காயவைத்தது. உள்ளே குற்றாலத்து மலைத்தேன். பூரணத்துக்குத் தெரியாது. சேனை வைக்கத்தான் கொண்டுவந்திருக்கிறேன். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டு யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் அதற்கு வந்துவிடும். எங்கள் பக்கத்தில் அதனால்தான் ஆள் பார்த்துப் பார்த்துச் சேனை வைக்கச் சொல்வார்கள். எத்தனையோ வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, என் தங்கச்சி வீட்டில், தெருவில், கூட வேலை பார்த்தவர்கள் வீட்டில். ஒருத்தர் கூப்பிட்டதில்லை. பொன்னுலிங்கம் வந்து வையும் என்று ஒரு வாய் சொன்னதில்லை. கனி பிறந்தபோதுகூட என் மாமனார்தான் வைத்தார். நான் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஞாபகத்தில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் வளைகாப்பு அன்றைக்கு நடந்தது வேறே. பந்தலில் அத்தனை பெண்டுகளும் இருக்கிறார்கள். கனி மணையில் உட்கார்ந்திருக்கிறாள், கன்னத்தில் சந்தனம். இந்தத் தவசிமுத்து நடுவில் வந்து நின்றுகொண்டு, "எல்லாரும் கேட்டுக்கிடுங்க, சேனை நான்தான் வைப்பேன். நம்ம சம்பந்தி வச்சாருன்னு வையுங்க, பொறந்த அன்னைக்கே யாரு தன்னயப் பாக்க லேட்டா வந்தாவன்னு அந்தப் புள்ள குறிச்சு வச்சுக்கிடும். காது குத்துத வரைக்கும் அவியகூடப் பேசாது" என்றார். சிரிப்பு. அதோடு விட்டாரா. "போக, அந்தக் கை இருக்கே, ஐஸ் கை. தொட்டா புள்ளைக்கு ஜன்னி கண்டுரும் வே." மறுபடி சிரிப்பு. நான் வாசல் பக்கம் பார்த்தேன். சிரிக்கிறவர்களைப் பார்க்க வேண்டாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் திரும்பும்போது கண்ணில் பட்டுவிட்டது. கனியும் சிரித்தாள். புது வளையல் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வளையல் சத்தம் கேட்டது. கண்ணாடி வளையல். கண்ணாடிப் பெட்டி. எனக்கு ஏன் இந்த இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வருகிறது.

எனக்கு மறதி கிடையாது. அது ஒரு குறை மாதிரி எல்லாரும் பேசுகிறார்கள். கம்பெனியை விட்டு நின்ற அன்றைக்கு மேனேஜர் எனக்குச் சால்வை போட்டு, "நம்ம ஆறுமுகம் இத்தனை வருசமா உழைச்சிருக்காரு" என்றார். நான் ஆறுமுகம் இல்லை. ஆறுமுகம் பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அந்தத் தெரு வழியாகப் போனதில்லை, மார்க்கெட்டுக்குச் சுற்றித்தான் போகிறேன். சால்வை பெட்டிக்குள் இருக்கிறது, மடிப்புக் கலையாமல். தவசிமுத்துவாக இருந்தால் அன்றைக்கே சிரித்துவிட்டு, சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு வந்திருப்பார். அவருக்கு எதுவும் ஒட்டாது. பழக்கடை. நாளெல்லாம் வருகிறவன் போகிறவன் எல்லாரையும் அண்ணாச்சி அண்ணாச்சி என்பார், சாயங்காலம் மிச்சம் அழுகினால் மாட்டுக்குப் போட்டுவிட்டுப் போய்த் தூங்குவார். ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாத மனுசன். அந்தக் குணம் நல்ல குணமாம். நல்லா வளர்ந்து, கொழுகொழு என்று பிறக்கிற பிள்ளைக்கு அது நல்லதாக இருக்கும். இந்தப் பிள்ளை அப்படியா வரப்போகிறது. மூச்சு விடுவதே அதற்கு வேலை என்று டாக்டரம்மா சொல்கிறாள். சூட்டைப் பிடித்து வைக்கத் தெரியாதாம், பாலைப் பிடித்து வைக்கத் தெரியாதாம். அப்படிப்பட்டதற்கு யார் குணம் வேண்டும். எளிதில் விட்டுவிடுகிறவன் குணமா. பிடித்ததைச் சாகிறவரை விடாதவன் குணமா. இதை யாரிடம் சொல்ல முடியும். சொன்னால் சிரிப்பார்கள். ராத்திரி பகலாக இதையே நினைத்துத்தான் புட்டியை அலசினேன். என் குணம்தான் அதற்கு வேண்டும். ஒரு சொட்டு. அது உயிரைப் பிடித்துக்கொள்ளட்டும், அப்புறம் ஊர் முழுக்க யாரோடும் பேசாமல் இருக்கட்டும், என்னோடும்கூடப் பேசாமல் இருக்கட்டும்.

ஸ்கேன் படத்தைக் கனி காட்டினாள். இதோ தலை, இதோ கை என்றாள். எனக்கு நீளக் கட்டியாக உறைகிற ஐஸ் பாரின் நடுப்பாகம்தான் தெரிந்தது. ஓரமெல்லாம் தெளிவாக உறைந்து, நடுவில் மட்டும் பால் மாதிரி வெள்ளையாக, நூல் நூலாகக் காற்று நிற்குமே, அந்த இடம். தண்ணி கடைசியாக உறைகிற இடம் அது. உயிர் மாதிரி ஏதோ ஒன்று அங்கே ஒதுங்கிக்கொண்டு போகும் என்று நான் அப்போதே நினைத்ததுண்டு. ஒரு தடவை ஒரு பாருக்குள் தட்டான் கிடந்தது. உறைய வைக்கிற கேனில் தண்ணி பிடிக்கும்போது விழுந்திருக்க வேண்டும். சிறகை விரித்தபடி, பறக்கப்போகிற மாதிரி, கண்ணாடிக்குள். உடைக்கிற மிஷினுக்கு அனுப்ப மனசு வரவில்லை. மற்ற பாரையெல்லாம் தள்ளிவிட்டு அதை மட்டும் சுவரோரம் வெயிலில் சாய்த்து வைத்தேன். வேலைக்கு நடுவில் வந்து வந்து பார்த்தேன். ஐஸ் கரைந்து ஓடியது. மெல்ல மெல்லச் சிறகு வெளியே வந்தது, ஈரமாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு. காற்றில் அசைந்தது. அசைந்தது காற்றால்தான். ஆனால் ஒரு கணம். அந்த ஒரு கணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. கனியின் வயிற்றில் தண்ணி குறைகிறது என்று கேட்டபோது எனக்கு அந்தச் சுவரோரம்தான் ஞாபகம் வந்தது. கரைந்து கரைந்து தண்ணி போகிறது, உள்ளே இருப்பது வெளியே தெரியப்போகிறது, அசையுமா, அசைந்தால் அது காற்றா.

கதவு திறக்கிறது. நான் எழுந்துவிட்டேன். தவசிமுத்துவும் எழுந்துவிட்டார். பச்சைத் துணியைச் சுருட்டிக்கொண்டு ஒரு ஆயா போகிறாள், எங்களைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் உட்கார்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். இடுப்பு வேட்டி மடிப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அங்கே என்ன வைத்திருக்கிறார். பூரணம் மருந்துப் பையோடு வந்து எனக்கும் கூடைக்கும் நடுவில் உட்கார்ந்தாள். "சிஸ்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்லா" என்றாள். எது என்றேன். "வாயில ஒண்ணும் வைக்கப்படாதுன்னாவல்லா. இந்த மாசத்துப் புள்ளைக்கு முழுங்கத் தெரியாதாம். ஒரு சொட்டு வச்சாலும் நெஞ்சுக்குள்ள போயிருமாம். தாய்ப்பாலே மூக்குல குழா போட்டுத்தான்." "இதை என்கிட்ட எதுக்குச் சொல்லுத" என்று கேட்டேன். "ஒங்க பையில என்னமோ புடைச்சுக்கிட்டு இருக்கு, அதான் சொல்லுதேன்" என்றாள். அப்புறம் அந்தக் கடைசியைப் பார்த்துக் குரலை உயர்த்தி, "அண்ணனுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்" என்றாள். தவசிமுத்து, "நமக்கென்னம்மா தெரியாததா" என்று சொல்லி இடுப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். வேறே ஏதோ கையெழுத்துக்கு என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட்டதும் பூரணம் எழுந்து போனாள். இவர்களுக்கு ஒன்று புரியவில்லை. சேனை சாப்பாடு இல்லை. பசிக்கு வைப்பது இல்லை. நாக்கைத் தொட்டு எடுப்பது. அதை விழுங்க வேண்டியதே இல்லை. தலைமுறை தலைமுறையாக எத்தனை நாக்கு. சிஸ்டர் சின்னப் பெண், என் மகளைவிடச் சின்னவள், அவளுக்கும் யாரோ வைத்திருப்பார்கள். யார் வைத்தார்களோ, நல்ல பொறுமைசாலியாக இருக்க வேண்டும், கேட்டவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொல்கிறாள். ஒரு சொட்டு. இல்லை, சொட்டுகூட இல்லை, விரல் நுனியில் பட்ட ஈரம். ஆனால் என் விரல் குளிரும். நாக்கில் குளிர் பட்டால். ஜன்னி கண்டுரும் வே. விரலைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். கொஞ்சம் சூடாகட்டும்.

எங்கேயோ ஒரு மோட்டார் ஓடுகிறது. ஏசி மோட்டாரோ தண்ணி மோட்டாரோ. கம்பெனியில் கம்ப்ரஷர் இப்படித்தான் ஓடும், நின்றால்தான் தெரியும் ஓடிக்கொண்டிருந்தது. கண் சொக்குகிறது. தூங்கக்கூடாது. தூங்கினால் அவர் முந்திக்கொள்வார். தரை ஈரமாக இருக்கிறது, துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஜன்னல் வெளிச்சம் தரையில் நீளமாக, பார் பாராகக் கிடக்கிறது. எடுத்து அடுக்க வேண்டும். யாரும் எடுக்காமல் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், ஆறுமுகத்தின் வேலை. நான் குனிந்து ஒரு வெளிச்சத்தைத் தூக்குகிறேன், கனமே இல்லை. அதற்குள் தட்டான். இல்லை, வளையல். வளையல் போட்ட சின்னக் கை, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கை, வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. சிரிக்கிறதா. எதற்காகச் சிரிக்கிறாய், தாத்தாவைப் பார்த்தா. நான் கோபப்படவில்லை. சிரி. எத்தனை வேண்டுமானாலும் சிரி, நான் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளமாட்டேன். அந்தக் கையை விலக்கினால்தான் வாய் தெரியும். விலக்கப் போகிறேன், என் விரல் பட்டதும் ஓரத்திலிருந்து உறைய ஆரம்பிக்கிறது, தெளிவாக, அழகாக, உள்ளே உள்ளே வெள்ளை ஒதுங்கிக்கொண்டு போகிறது. மூடிப் பலகையை யாரோ தூக்குகிறார்கள். குளிர் முகத்தில் அப்புகிறது.

கதவு திறந்திருந்தது. சிஸ்டர் நின்றாள், கையில் ஒரு பொதி. முழுக்கத் துணி. பின்னால் ஒருத்தி சக்கரம் வைத்த கண்ணாடிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "முத்துக்கனி ஆளுங்க யாரு. பொம்பளப் புள்ள. அம்மா நல்லா இருக்காங்க. புள்ளய உள்ள வார்டுக்குக் கொண்டு போறோம், ஒரு நிமிசம் பாத்துக்கிடுங்க, தொடக்கூடாது" என்றாள். நான் போய்விட்டேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. கை பைக்குள் இருந்தது, புட்டியின் மூடியைக் கட்டைவிரல் திருகிக்கொண்டிருந்தது. துணிக்கு நடுவில் முகம். முகமா அது. நனைந்த மொட்டு மாதிரி சுருங்கிச் சிவந்து, கண் மூடி. அதில் வாயைத் தேடினேன். வாய் இருந்தது. ஒரு நெல்மணி அளவுக்கு இருந்தது. புட்டியின் மூக்கு அதைவிடப் பெரிசு. என் விரல் நுனி அந்த முகத்தில் பாதி. இதற்குள் எதை வைப்பது. ஒரு சொட்டு என்றால் அதற்கு ஒரு கிணறு. அந்த வாய் திறந்தது. ஒரு சத்தம் வந்தது, அழுகை என்று சொல்ல முடியாது, காற்றும் இல்லை. காற்று இல்லை. அதுவாகத்தான் போட்ட சத்தம். என் கட்டைவிரல் தானாக மூடியை மறுபடி இறுக்கிவிட்டது.

அப்போதுதான் பக்கத்தில் அந்தக் கை வந்தது. தவசிமுத்துவின் கை. வேட்டி மடிப்பிலிருந்து எடுத்த சின்ன டப்பாவை உள்ளங்கையில் மறைத்து, ஆள்காட்டி விரலைத் தோய்த்திருந்தார். சர்க்கரைத் தண்ணி சொட்டியது. சிஸ்டர் பெட்டியின் கதவைத் திறக்கத் திரும்பியிருந்தாள். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. விரல் துணிக்கு மேலாகப் போகிறது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். வளைகாப்பிலிருந்து இவரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று இருந்தவன் நான். எதிரே வந்தால் தெருவைத் தாண்டி நடந்தவன். வாய் திறந்துவிட்டது. "வைக்காதிரும். அதுக்கு முழுங்கத் தெரியாது வே." அவர் இழுத்தார். "ஒரு சொட்டுதான், சம்பந்தி. ஒண்ணும் வைக்காம எப்படி அனுப்புதது. ஒருவேள அது..." மீதியைச் சொல்லவில்லை. ஒருவேளை அது என்ன என்று எனக்கும் தெரியும், மத்தியானத்திலிருந்து நானும் அந்த இடத்தில்தான் வந்து வந்து நிற்கிறேன். "அதனாலதான் சொல்லுதேன், வைக்காதிரும்" என்றேன். விடவில்லை. ஐஸ் பாரைக் கொக்கியில் கோத்துப் பிடிக்கிற பிடி. அவர் விரலிலிருந்து அந்தச் சொட்டு தரையில் விழுந்தது. சிஸ்டர் திரும்பினாள். இரண்டு கிழவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க தாத்தா" என்றாள். வேறு எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

பிள்ளையைப் பெட்டிக்குள் வைத்தாள். துணியை விலக்கி மூக்குக்குக் குழாய் வைக்கப் போனாள். போனவள் நின்றாள். "ஏட்டி, விடு" என்று பிள்ளையிடம் சொன்னாள். நான் எட்டிப் பார்த்தேன். நூல் மாதிரி விரல்கள் அவள் சுண்டுவிரலைச் சுற்றியிருந்தன. அவள் மெல்ல இழுத்தாள், அது வரவில்லை. மறுபடி இழுத்தாள். "பிடிச்சா விட மாட்டேங்கா" என்று தள்ளுகிறவளிடம் சொல்லிச் சிரித்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கண்ணாடி மூடிக்கொண்டது. சக்கரம் உருண்டது. உள்ளே இருப்பது மூச்சு விடுவது வயிற்றில் தெரிந்தது, மேலே கீழே, வேகம் வேகமாக. யாரும் சேனை வைக்கவில்லை. தேன் என் பையில் இருந்தது, சர்க்கரைத் தண்ணி தரையில் இருந்தது. யார் குணமும் படாத வாயோடு அது போய்க்கொண்டிருந்தது. இன்னும் எத்தனை நாள் அந்தப் பெட்டிக்குள் இருக்குமோ, நாளைக்கு என்ன சொல்வார்களோ, தெரியாது. பெட்டி அந்த வளைவில் திரும்பும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். தவசிமுத்து மூக்கை உறிஞ்சினார். "போச்சு" என்றார். "சேனை வைக்காமலே புள்ள உம்ம குணத்த வாங்கிட்டு வந்துட்டுதே, சம்பந்தி. இனி நாங்க எல்லாரும் பாத்துத்தான் பேசணும்." எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. இன்றைக்குப் பேசினேன் என்பதற்காக வளைகாப்பு அன்றைக்கு நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. "கையை விடும் வே, மரத்துப் போச்சு. என்னா குளிர் குளிருது" என்றார். அவர் மணிக்கட்டு இன்னும் என் பிடிக்குள் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். உள்ளே நாடி ஓடிக்கொண்டிருந்தது, அவருக்கும் வேகம் வேகமாக. குளிரட்டும் என்று இருந்தேன்.